எல்லையில் ஒரு பம்பர் வேலை

வாளையாரிலிருந்து குமுளி வரை பண்டிகைக்குப் பண்டிகை முளைக்கும் சில வார வேலைகள் உண்டு. சேர சிபாரிசு வேண்டாம், விலக நோட்டீஸ் வேண்டாம். நஷ்டம் வந்தால் அது யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமே கிடையாது.

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் வாளையாரைத் தாண்டியதும் கேரளம் ஆரம்பிக்கிறது. ஆனால் சாலையோரப் பலகைகளில் கண்ணில் படுவது கொட்டை எழுத்துத் தமிழ். லாட்டரிக் கடைகள். ஓணத்தை ஒட்டிய வாரங்களில் இந்தக் கடைகளின் முன் சிறு மேஜைகள் முளைக்கும், மேஜைகளுக்கு மேல் வண்ணக் குடைகள் விரியும். பஸ்ஸிலிருந்து இறங்குபவரையும் காரை ஓரங்கட்டுபவரையும் ‘அண்ணே’, ‘அக்கா’ என்று தமிழில் அழைக்கும் குரல்கள் கேட்கும். அந்தக் குரல்களில் பல, சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஓர் ஊரில் பெரிய பொருட்காட்சியோ கம்பெனி விளம்பர நிகழ்ச்சியோ நடந்தால் நான்கு நாட்களுக்கு ஆள் எடுப்பார்கள். நோட்டீஸ் கொடுக்க, மைக் பிடிக்க, சிரித்த முகத்தோடு வாசலில் நிற்க. நகரங்களில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பாலக்காடு, இடுக்கி எல்லையில் இதற்கு நிகரான வேலை எது என்று பார்த்தால், முதலில் வருவது பம்பர் லாட்டரி விற்பனை. அடுத்தது, ஓணத்தின்போது கடை வாசல்களில் வேஷம் கட்டி நிற்கும் வேலை. இரண்டிலும் சுதந்திரம் நிஜம். அதன் விலையும் நிஜம்.

ஒரு தடை தந்த சந்தை

இந்தியாவில் முதன்முதலில் லாட்டரிக்கென்று தனித் துறை தொடங்கிய மாநில அரசு கேரளம். ஆண்டு 1967. அன்றைய நிதி அமைச்சர் பி.கே. குஞ்ஞுவின் யோசனை அது. டிக்கெட் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு ரூ. 50,000. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-ல் நடந்தது. அடுத்து தமிழ்நாடும் லாட்டரி நடத்தியது. தெருவுக்குத் தெரு லாட்டரிக் கடை இருந்த அந்தக் காலத்தில், ஒரு சீட்டுக்காக யாரும் எல்லை தாண்ட வேண்டியதில்லை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. மற்ற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் தடுக்கும் அதிகாரத்தை 1998-ம் ஆண்டு மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் மாநிலங்களுக்குத் தருகிறது. தமிழ்நாட்டில் கடைகள் மூடப்பட்டன. சீட்டு வாங்கும் ஆசையைச் சட்டத்தால் மூட முடியவில்லை. அது பஸ் ஏறியது. கோவை, திருப்பூர், பொள்ளாச்சிக்காரர்களுக்கு வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். தேனி மாவட்டத்துக்காரர்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு.

பரிசுத் தொகை ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. 2021 வரை ரூ. 12 கோடியாக இருந்த திருவோண பம்பர் முதல் பரிசு, 2022-ல் ரூ. 25 கோடியானது. டிக்கெட் விலை ரூ. 500. அடுத்த வருடமே அந்த 25 கோடி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2023 செப்டம்பர் 20 குலுக்கலில் வென்றவர்கள் திருப்பூர், கோவைப் பகுதியைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். டிக்கெட் வாங்கிய இடம் வாளையார். எத்தனை லட்சம் செலவழித்தாலும் கிடைக்காத விளம்பரம் அந்தச் சிறிய எல்லை ஊருக்குக் கிடைத்தது. 2024 ஓணம் பம்பரில் 71 லட்சத்துக்கு மேல் டிக்கெட்டுகள் விற்றன. மாவட்டங்களில் முதலிடம், சுமார் 13 லட்சம் டிக்கெட்டுகளுடன், பாலக்காட்டுக்கு. திருவனந்தபுரம்கூட அதற்குப் பின்னால்தான்.

இவ்வளவு டிக்கெட்டுகளையும் விற்பது மனிதக் கைகள். கேரள அரசு தன் லாட்டரியைக் காகிதச் சீட்டாக மட்டுமே விற்கிறது, இணையத்தில் விற்பதில்லை. ஆகவே சீசன் வந்தால் ஆள் வேண்டும்.

வருஷத்துக்கு ஆறு சீசன்

ஆறு பம்பர்கள் வருஷத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிறிஸ்துமஸ்-புத்தாண்டு, கோடை, விஷு, மழைக்காலம், திருவோணம், பூஜா. இவற்றில் ஓணமே ராஜா. தவிர தினமும் ஒரு வாராந்தரச் சீட்டு. 2025-லிருந்து அதன் விலை ரூ. 50.

நிரந்தரமாகத் தொழில் செய்பவர் மாவட்ட லாட்டரி அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தன் பெயரில் ஏஜென்சி எண் வாங்குகிறார். சீசனுக்கு மட்டும் வருபவருக்கு அவ்வளவு மெனக்கெட நேரமில்லை. பெரிய ஏஜென்சியிடமோ கடைக்காரரிடமோ கொஞ்சம் டிக்கெட் எடுத்து, ஒரு மேஜையோ ஒரு தோள்பையோ போதும் என்று கிளம்பிவிடலாம். காலையில் விற்று மதியம் வீடு திரும்பலாம். அறுவடை வந்தால் நான்கு நாள் வராமலிருக்கலாம். முடியாதவர்கள், வயதானவர்கள், நீண்டநேரம் நிற்க இயலாத மாற்றுத் திறனாளிகள் என்று வேறு வேலைகள் கதவைச் சாத்திய பலருக்கும் இந்தத் தொழில் இடம் கொடுக்கிறது.

மலைப்பக்கம் கணக்கு சற்று வேறு. கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களின் பாதைதான் போடிமெட்டும் கம்பம்மெட்டும். கார்த்திகை பிறந்தால் குமுளி வழியே சபரிமலைக்குப் போகும் தமிழ்நாட்டு ஐயப்ப பக்தர்களின் வரிசை. ஆகவே பாலக்காட்டுக்கு ஓணம் எப்படியோ, குமுளிக்குக் கிறிஸ்துமஸ் பம்பர் அப்படி.

ஏலக்காய் பறிக்கும் வேலையோடு ஒப்பிட்டால் சீட்டு விற்பது சொகுசாகத் தெரியும். ஜீப் பயணம் இல்லை, மழையில் நனைந்து குனிய வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம். தோட்டத்தில் அன்றைக்குக் காய் குறைவாக இருந்தாலும் நாள் கூலிக்குக் கையேந்த உரிமை உண்டு. சீட்டு விற்பவருக்குக் கூலி என்று ஒன்று இல்லை. விற்றால் கமிஷன், விற்காவிட்டால்?

மிச்சம் யாருக்கு?

இந்தத் தொழிலின் மர்மம் முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. அரசிடம் வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஏஜெண்ட் தலையில் விழும் அந்தச் சுமை படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் மேஜை போட்டவரின் தோள்பையில் வந்து உட்காருகிறது. ஒரு டிக்கெட்டில் சில்லறை விற்பனையாளருக்குக் கிடைப்பது அதன் விலையில் ஒரு சிறு பகுதி. போட்ட பணமோ டிக்கெட்டின் விலையில் பெரும்பகுதி. ஆகவே 500 ரூபாய் டிக்கெட் ஒன்று கையில் மிஞ்சினால், வேறு பல டிக்கெட்டுகளில் சம்பாதித்த லாபம் அந்த ஒன்றிலேயே கரைந்துவிடும். குலுக்கல் நாள் மதியம் 2 மணி வரை அது 500 ரூபாய். 2 மணிக்கு மேல் பெரும்பாலும் அது வெறும் வண்ணக் காகிதம்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் ஆசை ஒளிந்திருக்கிறது. 2021 ஜனவரியில் குலுக்கிய கிறிஸ்துமஸ்-புத்தாண்டு பம்பரின் ரூ. 12 கோடி, தென்காசி அருகே வசிக்கும் ஒரு தமிழருக்கு விழுந்தது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பி, கொல்லம் மாவட்டத்து எல்லையான ஆரியங்காவில் சிறிய அளவில் லாட்டரி விற்றுவந்தவர் அவர். பரிசு விழுந்தது அவர் விற்ற டிக்கெட்டுக்கல்ல, விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுக்கு. எல்லைக் கடைகளில் இந்தக் கதை இன்றும் சொல்லப்படுகிறது. சொல்லப்படாத கதை, அதே குலுக்கலில் மிஞ்சிய சீட்டுகளைக் கசக்கிப் போட்டுவிட்டு வட்டிக்காரருக்குப் பதில் சொன்னவர்களுடையது. ஒரு குலுக்கலுக்கு முதல் பரிசு ஒன்றுதான்.

விற்ற டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தால்? பரிசுத் தொகையில் பத்து சதவீதம் ஏஜெண்ட் கமிஷன். ரூ. 25 கோடிக்கு அது இரண்டரைக் கோடி. தெருவில் நின்று விற்றவருக்கு அதில் பங்கு உண்டா என்பது, டிக்கெட்டைக் கொடுத்த ஏஜென்சியோடு அவர் என்ன பேசிவைத்தார் என்பதைப் பொறுத்தது. சீசன் ஆட்கள் பலரும் இதைப் பேசிக்கொள்வதே இல்லை. நமக்கு எங்கே விழப்போகிறது என்ற நினைப்பு. வாங்குபவருக்கு நம்பிக்கையை விற்கிற ஆள், தன் விஷயத்தில் நம்பிக்கையே இல்லாமல் இருக்கும் விசித்திரம் இது.

கடனும் இந்த வியாபாரத்தின் ஒரு பகுதி. தெரிந்த வாடிக்கையாளர் போனில், எனக்கு ஒன்று எடுத்து வை என்பார், பணம் நாளை. 2021 மார்ச்சில் ஆலுவா அருகே ஒரு பெண் விற்பனையாளர் இப்படி எடுத்துவைத்த கோடை பம்பர் டிக்கெட்டுக்கு ரூ. 6 கோடி விழுந்தது. வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை. டிக்கெட் விற்பனையாளரின் கையிலேயே இருந்தது. அன்றிரவே அவர் அதை வாடிக்கையாளரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு 200 ரூபாயை வாங்கிக்கொண்டார். நாடே வியந்தது. ஆனால் சாலையோரத்தில் நிற்பவர்களுக்கு இது நேர்மைக் கதை மட்டுமல்ல, தொழில் பாடமும்கூட. அடுத்த சீசனில் அதே வாடிக்கையாளர்கள் வரவேண்டும் என்றால், இந்தத் தொழிலில் முதலீடு என்பது பேர் மட்டும்தான்.

அரசு எடுக்கும் முடிவுகளும் கடைசியில் இந்த மேஜைக்கே வருகின்றன. 2020 மார்ச் ஊரடங்கில் குலுக்கல் நின்றது. ஜூனில்தான் மீண்டும் தொடங்கியது. எல்லைச் சாலைகள் அடைபட்டபோது வாளையாருக்கும் குமுளிக்கும் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் வர வழியில்லை. 2025 செப்டம்பர் 22-ல் லாட்டரி மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானது. ஓணம் பம்பர் அப்போது விற்பனையின் உச்சத்தில் இருந்தது. மழையும் வரி மாற்றமும் சேர்ந்து விற்பனையைப் பாதித்ததால், செப்டம்பர் 27-ல் நடக்க வேண்டிய குலுக்கல் அக்டோபர் 4-க்குத் தள்ளிப்போனது. பெரிய ஏஜென்சிக்கு ஒரு வாரம் என்பது ஒரு வாரம். வேறு வேலைக்குத் தேதி சொல்லிவிட்டு வந்த சீசன் ஆளுக்கு அது வாக்குத் தவறல்.

குடைக்குள் ஒரு ராஜா

சீட்டு விற்க முதல் வேண்டும். அது இல்லாதவர்களுக்கும் ஓணம் ஒரு வேலை வைத்திருக்கிறது. அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாட்கள், கேரளத்தின் ஜவுளி, நகை, மின்சாதனக் கடைகளுக்கு வருஷத்தின் பெரிய அறுவடை. வாசலில் கிரீடமும் ஓலைக்குடையும் தொந்தியுமாக மாவேலி நிற்பார். பாதாளத்திலிருந்து பிரஜைகளைப் பார்க்க வரும் மகாபலி, போகிற வழியில் வேட்டி சேலைத் தள்ளுபடிக்கும் ஆசி வழங்குகிறார். அவரோடு செண்டை அடிக்க, நோட்டீஸ் கொடுக்க, பரிசுக் கூப்பன் நிரப்ப இளைஞர்கள்.

மாவேலி வேலைக்கு உடற்கட்டு வேண்டும். அதைவிடப் பொறுமை வேண்டும். கனத்த ஜரிகையும் ஒட்டு மீசையுமாக வெயிலில் நிற்பது விளையாட்டல்ல. குழந்தைகள் தொந்தியைக் குத்திப் பார்ப்பார்கள். ராஜா சிரிக்க வேண்டும். ஆள் பிடிப்பது பெரும்பாலும் விழா ஏற்பாட்டாளர் அல்லது அவருக்குத் தெரிந்த ஒருவர். பேச்சு போனில், பணமும் சில சமயம் போனிலேயே நின்றுவிடும். கடைக்காரர் ஏற்பாட்டாளரைக் காட்டுவார். ஏற்பாட்டாளர், கடைக்காரர் இன்னும் பில் தரவில்லை என்பார். நடுவில் கிரீடத்தைக் கழற்றிய மகாபலி. மூன்றடி கேட்டு வந்த வாமனனிடம் ஏமாந்தவர், இப்போது மூன்று நாள் கூலிக்கு நடக்கிறார்.

இங்கே சட்டம் பலர் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நாள் கூலிக்கு வந்தவருக்கு அன்றைய வேலை முடிந்ததும் கூலி தரப்பட வேண்டும். வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில். வேலை ஒரு நாளா, ஒரு வருஷமா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஆனால் எந்த நாள், எந்தக் கடை, எவ்வளவு என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது, ஒரு செல்போன் செய்தியாவது இருந்தால்தான் கேட்க முடியும்.

மலை இறங்கினால் குற்றம்

எல்லையில் சீட்டு விற்பவருக்கு வரும் பெரிய ஆபத்து, தூண்டிலாக வருகிறது. பத்து கட்டு எடுத்துக்கொண்டு கீழே கம்பத்துக்கோ பொள்ளாச்சிக்கோ வந்து கொடுத்தால் டிக்கெட்டுக்கு மேல் இவ்வளவு என்று ஒருவர் ஆசை காட்டுவார். மேலே அரசாங்கச் சீட்டு, கீழே கடத்தல் சரக்கு. சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே காகிதத்தின் ஜாதகம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுப் போலீஸ் கைது செய்யும்போது மாட்டுவது கட்டைக் கையில் வைத்திருப்பவர். ஆசை காட்டியவர் அல்ல.

கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து நடக்கும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ இன்னும் மோசம். அதில் சீட்டே கிடையாது; வெறும் சூதாட்டம். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்தச் சூதில் கடனாளியான ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே அழிந்தது தமிழகத்தை உலுக்கியது. வாட்ஸ்அப்பில் கேரள லாட்டரி என்று வரும் விற்பனையும் மோசடியே.

சீட்டு எங்கே கைமாறியது என்பது வாங்கியவருக்கும் முக்கியம். 2023-ல் நான்கு நண்பர்கள் வென்றபோது, அந்த டிக்கெட் தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று ஒரு புகார் கிளம்பி, லாட்டரித் துறை விசாரிக்க வேண்டிவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வந்து வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்வது, வாங்குபவரின் நன்மைக்கும்தான்.

பேர் பதிந்தால் பெருமாள்

இத்தனைக்கும் நடுவில், லாட்டரி விற்பவருக்கு மற்ற தற்காலிக வேலைக்காரர்களுக்கு இல்லாத ஒன்று உண்டு. லாட்டரி ஏஜெண்டுகளுக்கும் விற்பனையாளர்களுக்கும் கேரள அரசு 2008-ல் சட்டம் இயற்றி ஒரு நல நிதி வாரியத்தை அமைத்தது. உறுப்பினருக்கு ஓய்வூதியம், மருத்துவ உதவி, ஓணத்துக்குப் பண்டிகைப் பணம். மாற்றுத் திறனாளி விற்பனையாளர்களுக்கு மூன்று சக்கர ஸ்கூட்டர்கள்கூட வழங்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உறுப்பினராக வேண்டும், சந்தா கட்ட வேண்டும், டிக்கெட் வாங்கி விற்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டு மாதம் மட்டும் வேறொருவர் டிக்கெட்டை விற்பவர் இந்தக் குடைக்கு வெளியேதான் நிற்கிறார்.

மாவேலிக்கும் நோட்டீஸ் கொடுப்பவருக்கும் அப்படித் தனி வாரியம் இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு, 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாராத் தொழிலாளர் எவருக்கும் திறந்திருக்கிறது. எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் அதே எண் செல்லும். அதனால் நாளையே பணம் கொட்டாது. ஆனால் அரசின் கணக்கில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அது ஒரு சாட்சி.

மற்றபடி பாதுகாப்பு என்பது வேலைக்குப் போகும் முன் கேட்கும் நான்கு கேள்விகளில் இருக்கிறது. மிஞ்சும் டிக்கெட்டை ஏஜென்சி எந்தத் தேதி வரை திரும்ப வாங்கிக்கொள்ளும்? பரிசு விழுந்தால் கமிஷனில் பங்கு எவ்வளவு? கூலி என்றால் யார் தருவார், எப்போது? வேஷம், பயணம், சாப்பாடு யார் செலவு? சீசன் தொடக்கத்தில் ஏஜென்சிகளுக்கு ஆள் தேவை. பேரம் பேச அதுவே நேரம். குலுக்கலுக்கு முந்தைய நாள் கேட்டால் பதில் சிரிப்பாகத்தான் வரும். இன்னொரு பழைய விதியும் உண்டு: வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுக்காதே. கைப்பணத்துக்கு எடுத்து, மிஞ்சினால் தாங்க முடிகிற அளவோடு நிறுத்துபவர்கள்தான் அடுத்த சீசனுக்கும் மேஜை போடுகிறார்கள்.

திருவனந்தபுரத்தில் ஓணம் பம்பர் குலுக்கும் அதே மேடையில் பூஜா பம்பர் டிக்கெட்டும் வெளியிடப்படுவது வழக்கம். ஒரு சீசன் சாகும் நிமிஷத்தில் அடுத்தது பிறந்துவிடுகிறது. அன்று மாலை வாளையாரில் குடைகள் மடங்கும். மிஞ்சிய சீட்டுகளை எண்ணோடு எண் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிலர் ஊருக்கு பஸ் ஏறுவார்கள். சிலர் கணக்கைக் கூட்டிக் கழித்து, நஷ்டமில்லை என்றால் கடைக்காரரிடம் கேட்பார்கள்: பூஜா எப்போ வருது?